இலக்கை இறக்குவதா, பேசி வகுப்பதா?

ஒரு நிறுவனத்தின் உத்தியைப் பலனாக மாற்ற இரண்டு வழிகள் நெடுங்காலமாகப் போட்டியிடுகின்றன. ஒன்று, மேலிருந்து எண்களைப் பங்கிட்டு இறக்குவது: பிரிவுக்கு இவ்வளவு, குழுவுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு. மற்றொன்று, ஜப்பானிய நிறுவனங்களில் வளர்ந்த ஹோஷின் கன்ரி. இதில் தலைமை திசையைச் சொல்கிறது. கீழே இருப்பவர்கள் 'இதற்கு இன்னது வேண்டும், இவ்வளவுதான் முடியும்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். பந்து கைமாறுவது போல இலக்கு மேலும் கீழும் போய்வருவதால் இதை 'கேட்ச்பால்' என்கிறார்கள்.

வேகத்தில் முதல் வழியே வெல்லும். கையில் பணம் தீர்ந்துவரும் நிறுவனத்துக்கு ஆறு வாரம் பேச நேரம் இருக்காது. அங்கே எண்ணை இறக்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் 'முடியாது' என்று சொல்பவருக்குச் செவி கொடுக்காத இடத்தில் அதே எண் நஞ்சாகிவிடும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுச் சேவைகள் விற்பதை இலக்காக வைத்தது. நெருக்கடி தாங்காத ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகளைத் திறந்தார்கள். 2016 இல் 18.5 கோடி டாலர் அபராதம். ஏறத்தாழ 5,300 பேர் வேலை நீக்கம். உத்தி வகுத்தவர்களின் பிழைக்குக் கவுண்டரில் நின்றவர்கள் விலை கொடுத்தது இன்றும் என்னை உறுத்துகிறது.

இதற்கு நேர் எதிர், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் கார் ஆலை. வேலைக்கு வராதவர்கள், தரக்குறைவு, ஓயாத தொழிற்சங்கச் சண்டை ஆகியவற்றுக்குப் பெயர்போன அந்த ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982 இல் மூடியது. 1984 இல் டொயோட்டாவுடன் கூட்டாக, நூமி என்ற பெயரில் அது மீண்டும் திறந்தது. பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே சங்கம். மாறியது நிர்வாகம் நடந்துகொண்ட விதம். குறை கண்ட எவரும் உற்பத்தி வரிசையோரம் கட்டியிருந்த கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவையானால் அந்த வரிசையையே நிறுத்தலாம். ஓடிவரும் குழுத் தலைவர் 'யார் தவறு?' என்று கேட்காமல் 'என்ன சிக்கல்?' என்று கேட்டார். சில ஆண்டுகளுக்குள் தரம் டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகளோடு ஒப்பிடும் அளவுக்கு உயர்ந்தது.

இந்த வழியின் குறை, எளிதில் பரவாதது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்கு இதைக் கொண்டுபோகப் பல ஆண்டுகள் திணறியது. கயிற்றை ஒரே நாளில் கட்டிவிடலாம். இழுத்தவரிடம் சீறாத மேலாளர்களை அப்படி உருவாக்க முடியாது.

என் தேர்வு இரண்டாவது வழி. எண்கள் தேவைதான், ஆனால் தலைமை இறக்குபவை இரண்டு மூன்றோடு நிற்கட்டும்; மீதியைக் குழுக்களே வகுக்கட்டும். உங்கள் நிறுவனம் இதற்குத் தயாரா என்று அறியக் கடைசி ஆய்வுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். 'இது நடக்காது' என்று அங்கே யாராவது வாய்திறந்து சொன்னார்களா? சொன்னவர் அடுத்த கூட்டத்துக்கும் அழைக்கப்பட்டாரா?