மார்பக இம்ப்ளான்ட் வைக்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. சென்னையில் ஓர் அழகு சிகிச்சை கிளினிக், பெயர் போடவில்லை. மார்புத் தசைக்கு அடியில் இம்ப்ளான்ட் வைப்பதாகச் சொல்லி 2,40,000 ரூபாய் வாங்கினார்கள். வைத்தது தசைக்கு மேலே.

முதல் நாள் அந்த டாக்டர் மார்பின் மேல்பக்கத்தைக் கிள்ளிப் பிடித்து அளந்தார். 2 செ.மீ. கூட வரவில்லை. "ஒல்லியா இருக்கீங்கம்மா. தசைக்கு மேல வெச்சா ஓரம் தெரியும், அலை அலையா மடிப்பு விழும். அடியில வெச்சா தசை மேல்பாகத்தை மூடிக்கும். ஆனா வலி அதிகம், ஆற நாளாகும், கையை ஊன்றி அழுத்தினா இம்ப்ளான்ட் கொஞ்சம் அசையும். பரவாயில்லையா?" என்றார். குறைகளையும் மறைக்காமல் சொல்கிறாரே என்று அந்த இடத்தில்தான் முழுசாக நம்பினேன். அன்றே அட்வான்ஸ் கட்டினேன்.

வீக்கம் வடிந்ததும் அவர் சொன்ன அதே மடிப்பு. ஓரம் விரலில் தட்டுகிறது. போன் செய்தால், "மூணு மாசம் பொறுங்க மேடம்." அப்புறம், "மசாஜ் பண்ணுங்க." அப்புறம் எப்போது கூப்பிட்டாலும், "டாக்டர் தியேட்டர்ல இருக்கார்."

வேறொரு பிளாஸ்டிக் சர்ஜன் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் தசைக்கு மேலேதான் இருக்கிறது. ரிப்போர்ட்டோடு கிளினிக்குக்குப் போனேன். "திறந்து பார்த்தப்போ டாக்டருக்கு எது சரின்னு பட்டதோ அதைச் செஞ்சார். சம்மதப் படிவத்துல இடம் எதுவும் எழுதலையே" என்கிறார் கோ-ஆர்டினேட்டர். ஆபரேஷன் நோட்ஸ் கேட்டேன், தரவில்லை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது! மாற்றி வைக்க மறுபடியும் முழுத் தொகையாம். 2,40,000 போனது போனதுதானாம்.

தசைக்கு மேலே வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மேலே போதுமான சதை இருப்பவர்களுக்கு அது பொருந்தும், வலியும் குறைவு. எனக்குப் பொருந்தாது என்று அளந்து சொன்னவரே அப்படி வைத்தாரே, அதுதான் கொதிக்கிறது.

என்னென்ன கேட்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. தசைக்கு மேலேயா அடியிலா என்று படிவத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். டாக்டர் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள். இம்ப்ளான்ட் பெட்டியின் வரிசை எண் ஸ்டிக்கரை வாங்கி வையுங்கள். 2019-ல் இம்ப்ளான்ட் தயாரிக்கும் அல்லர்கன் நிறுவனம் மேற்பரப்பு சொரசொரப்பான தன் ரகத்தை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. எண் இல்லாவிட்டால் உங்களுடையது அதுவா என்று எப்படித் தெரியும்? ஆபரேஷன் நோட்ஸ் கைக்கு வரும்வரை கொஞ்சமாவது பாக்கி வையுங்கள். என்னிடம் 2,40,000 ரூபாயையும் தியேட்டருக்குள் போகும் முன்பே வாங்கிவிட்டார்கள்.