ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்ன தூக்கப் பரிசோதனை மையம்

பில் போடும்போதே கல்லாவில் தலை சாய்ந்துவிடும் எனக்கு. சிரித்தால் முழங்கால் வேறு தளர்ந்துபோகும். முதலில் போன கிளினிக்கில் மூக்குத் தண்டை நேராக்கினால் சரியாகும் என்றார்கள். செய்தேன். குறட்டை குறைந்தது, பகல் தூக்கம் அப்படியே.

அப்புறம்தான் மதுரையில் இந்த மையம். இரவு முழுக்கத் தலையில் வயர். மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஐந்து குட்டித் தூக்கம். சராசரி 3 நிமிடத்தில் தூங்கியிருக்கிறேன், நான்கு தடவை நேராகக் கனவுத் தூக்கத்துக்கே! நார்கோலெப்சியாம், அதாவது பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய். மூளையில் நம்மை விழிப்பாக வைக்கும் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது, கத்தி வைத்துச் சரிசெய்ய முடியாது என்று டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினார். விழித்திருக்க உதவும் மொடாஃபினில் மாத்திரை, மதியம் 20 நிமிடத் தூக்கம். இப்போது கணக்கு தப்புவதில்லை. மையத்தின் ஏசி குளிர்தான் தாங்கவில்லை, போர்வை எடுத்துப் போங்கள்.