மலேசியப் பயணத்தின் கடைசி நாள் எங்கே? ஷாப்பிங் மாலுக்கா, தண்ணீர்ப் பூங்காவா, கெல்லி கோட்டையா, சித்தப்பா வீடா?

திருச்சி விமானம் இரவு பத்தரைக்கு. நாங்கள் தங்கியிருந்ததோ பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், என் சித்தப்பா வீட்டில். அங்கிருந்து கேஎல்ஐஏ, அதாவது கோலாலம்பூர் விமான நிலையம், ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டாலே மூன்றரை மணி நேரம் பிடிக்கும். நடுவில் தாப்பாவில் நிறுத்தி ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்தால் நாலு மணி நேரம். ஆக, இரண்டு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். 17 வயது மகளும் 14 வயது மகனும் ஒன்பதுக்கு முன்னால் கண் திறக்க மாட்டார்கள். கழித்துப் பார்த்தால் கடைசி நாள் என்பது வெறும் ஐந்து மணி நேரம். அதற்கு வீட்டில் நாலு கட்சி.

மகளின் கட்சி: விடியற்காலையிலேயே கிளம்பி கோலாலம்பூர், புக்கிட் பிந்தாங் மால்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாலு பெட்டியும் காரில் கிடக்கும். நகரத்துக்குள் நுழைவது எளிது, மாலை நெரிசலில் வெளியே வருவதுதான் பாடு. இதற்கு மாற்று கேஎல்ஐஏ பக்கத்திலேயே இருக்கிறது. சிப்பாங்கில் இருக்கும் மிட்சுய் அவுட்லெட் பார்க்கில் பெட்டிகளை வைக்க இடம் உண்டு, முனையத்துக்குப் பேருந்தும் உண்டு. விமான நேரம் காட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டே செருப்பு வாங்கலாம். மால் வேண்டும் என்கிற பிள்ளைக்கு இது போதும். புக்கிட் பிந்தாங்கைப் பயணத்தின் முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள்.

மகனின் கட்சி: ஈப்போ பக்கம் தம்புன் லாஸ்ட் வேர்ல்ட். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே சறுக்கு, வெந்நீர் ஊற்று, புலி எல்லாம் இருக்கும் பூங்கா. நடு நாளாக இருந்தால் நானே முதலில் ஓடுவேன். கடைசி நாளுக்கு மட்டும் ஆகாது. நாங்கள் பார்த்தபோது திறப்பு நேரம் காலை 11 என்று இருந்தது. இரண்டு மணிக்கு வெளியேறுவதென்றால் கொடுத்த காசுக்குப் பாதிகூடத் தேறாது. அதைவிட, நாலு பேரின் ஈரத் துணி. அதைக் கட்டிய பெட்டிக்குள் எங்கே திணிப்பது? மகனிடம் பதில் இல்லை.

என் வீட்டுக்காரரின் கட்சி: பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டை. இது தெற்கே போகும் வழியில் கொஞ்சம் திரும்பினால் வந்துவிடும், பெட்டி காரிலேயே இருக்கலாம், ஒரு மணி நேரத்தில் முடியும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915 வாக்கில் கட்டத் தொடங்கிய மாளிகை. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, அரைகுறையாய் நின்றுவிட்டது. கட்ட வந்தவர்கள் மதராஸ் பக்கத்து ஆட்கள். ஸ்பானிஷ் காய்ச்சலில் பலர் போய்ச் சேர்ந்தபோது, மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள், ஸ்மித் கட்டிக்கொடுத்தார். அந்தக் கோயில் கூரையில் சாமிகளோடு சாமியாகத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். பிள்ளைகளுக்கு வரலாறு பிடிக்காமல் போகலாம். அந்தத் தொப்பிக்காரரைப் பிடிக்காமல் போகாது. பகல் விமானக்காரர்கள் முந்தின நாளே பார்த்துவிடுவது நல்லது; இரவு விமானம் என்றால் கடைசி நாளுக்கு இதைவிடச் சரியான நிறுத்தம் கிடைக்காது.

(கோலா கங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது என்று நான் இடையில் சொல்லிப் பார்த்தேன். "ஒரு மரத்தைப் பார்க்க வடக்கே போய்த் திரும்பி வரணுமாம்மா?" என்றாள் மகள். அதோடு அது முடிந்தது.)

நாலாவது கட்சி சித்தப்பாவுடையது: "எங்கேயும் போக வேணாம்மா, காலைல இங்கேயே இருங்க." சிபாரிசு செய்ய ஆளில்லாத யோசனை. ஆனால் காலை முழுவதும் அதுதான் நடந்தது.

சித்தப்பா முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஏறிவிட்டாலும் வீட்டுக்குப் பின்னால் சில பால்மரங்கள் மிச்சமிருக்கின்றன. வெயில் ஏறினால் பால் சரியாக ஓடாது, அதனால் இருட்டிலேயே வெட்ட வேண்டும். ஐந்தரைக்கு அவர் எழுப்பியதும் மகன் எழுந்துவிட்டான், எனக்கே நம்பமுடியவில்லை. நெற்றியில் விளக்கோடு அவர் பட்டையைச் சீவுவதைப் பார்த்தோம்: இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் கோடு, ஒரு நூல் அகலம், மரத்தின் சதையில் படக்கூடாது. பின்னாலேயே வெள்ளையாகப் பால் கசிந்து கோப்பைக்குள் சொட்டியது. மகன் வெட்டியது ஆழமாகிவிட்டது. "மரத்துக்குக் காயம்டா தம்பி," என்றார் சித்தப்பா, அவ்வளவுதான். மகள் ஒன்பதரைக்கு எழுந்தாள். எல்லோருமாகக் கடைக்குப் போய் ரொட்டி சானாய் பசியாறினோம். சித்தப்பா காசு கொடுக்க விடவில்லை. ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) வாங்க மாட்டேன் என்று கையைத் தட்டிவிட்டார்.

ஒரு மணிக்கே கிளம்பி, கெல்லி கோட்டையில் முக்கால் மணி நேரம் நின்றோம். மிட்சுய்யை விட்டுவிட்டோம், மகள் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

எடை பார்க்கும் இடத்தில் ஒரு பெட்டி ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது. சித்தி திணித்த சம்பலும் கோடாலித் தைலமும்தான் என்று திறந்தால், நடுவில் மகனின் காலுறைக்குள் ஒட்டுப்பால் (காய்ந்து இறுகிய ரப்பர் பால்) உருண்டை, பந்து மாதிரி இறுக்கிச் சுற்றியது. அதன் நாற்றத்தில் பின்னால் நின்றவர் ஓரடி தள்ளிப் போனார். சம்பலை எடுத்துக் கைப்பையில் வைக்க விட மாட்டார்கள். ஒரு ஜோடி செருப்பை வெளியே எடுத்தேன். பந்து உள்ளேயே வந்தது.