இணைப்புப் பந்தின் சுமையைக் காட்டும் அளவி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

காருக்குப் பின்னால் டிரெய்லரைக் கட்டி இழுக்கும் என்னைப் போன்ற பலர் கையேட்டில் தேடுவது, கார் எத்தனை கிலோ இழுக்கும் என்ற ஒரே எண்ணைத்தான். காரின் பின்புறம் டிரெய்லரை மாட்டும் உலோக உருண்டையான இணைப்புப் பந்தை, டிரெய்லரின் முன்முனை எவ்வளவு அழுத்தலாம் என்ற இன்னோர் எண்ணும் அதே கையேட்டில் இருக்கிறது. அந்த அழுத்தத்தை அளப்பதற்கென்று விற்கப்படும், ஸ்பிரிங் வைத்த குழாய் வடிவ அளவி ஒன்றை ஆறு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன்.

என் காரின் இழுவை வரம்பு 1,500 கிலோ. பந்தின் மேல் அனுமதிக்கப்பட்ட சுமை 75 கிலோ. எடை மேடையில் நிறுத்தியபோது சாமான்களோடு டிரெய்லர் 1,100 கிலோ காட்டியதால், வரம்புக்கு வெகு கீழே இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தேன். அளவியை முன்முனைக்கு அடியில் வைத்துப் பார்த்தால் 92 கிலோ! காரணம், டிரெய்லரின் சக்கர அச்சுக்கு 2 மீட்டர் முன்னால் வைத்திருந்த, மொத்தம் 40 லிட்டர் நீர் நிறைந்த இரண்டு கேன்கள். அச்சுக்கும் பந்துக்கும் இடையே 4 மீட்டர் இருப்பதால், அவற்றை அச்சுக்கு நேர் மேலே நகர்த்தியதும் சுமை 20 கிலோ குறைந்து 72 ஆனது.

இன்னும் பின்னுக்குத் தள்ளினால் மேலும் குறையும் என்றாலும், அது ஆபத்தில்தான் முடியும். முன்முனை இலேசானால் டிரெய்லர் வேகத்தில் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். வட அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் இருக்க வேண்டும் என்பார்கள். ஐரோப்பிய கார்களுக்கான அளவுகள் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஆகவே உங்கள் கார், ஹிட்ச் (பந்தைத் தாங்கும், காரோடு பொருத்திய சட்டம்), பந்து, டிரெய்லரின் இணைப்பு ஆகியவற்றின் வரம்புகளில் எது மிகக் குறைவோ, அதையே கொள்ள வேண்டும்.

இந்தச் சுமை காரின் சுமைத்திறனிலும் கழியும். 450 கிலோ ஏற்றலாம் என்னும் காரில் 75 கிலோ எடையுள்ள ஐந்து பேர் அமர்ந்தால் 375. அதோடு 72 சேர்ந்தால், டிக்கியில் வைக்க மிஞ்சுவது 3 கிலோதான். போதாததற்கு, பந்து பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் முன் சக்கரங்கள் இலேசாகி, ஸ்டியரிங்கின் பிடிமானம் தளர்கிறது.

அளவியில் குறைகளும் உண்டு. கோடுகள் 5 கிலோவுக்கு ஒன்றாக, மங்கலாக இருப்பதால் அந்தி வெளிச்சத்தில் படிக்க முடிவதில்லை. சமதளத்தில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்முனையைப் பந்தின் உயரத்திலேயே நிறுத்தித்தான் அளக்க வேண்டும் என்பதை அதனுடன் வந்த தாள் சொல்லவேயில்லை; உயரம் மாறினால் எண்ணும் மாறுகிறது. குளியலறை எடைக்கருவியின் மேல் சரியான நீளத்துக்கு வெட்டிய மரக்கட்டையை நிறுத்தியும் அளந்து பார்த்தேன். இரண்டுக்கும் வேறுபாடு 2 கிலோதான். வருடத்துக்கு ஒருமுறை இழுப்பவருக்கு அந்தக் கட்டையே போதும். ஒவ்வொரு பயணத்துக்கும் சாமான்களை மாற்றி அடுக்குபவர் மட்டும் இந்த அளவியை வாங்கலாம்.