கூரை திறந்த ஜிப்ஸியில் நல்ல பாட்டு: வடசென்னைச் சாலைகளில் சில வருட அனுபவம்

கூரை இல்லாத வண்டியில் காசு போட்டு சவுண்ட் சிஸ்டம் வைப்பது வீண் என்று தண்டையார்பேட்டையில் என்னிடம் நிறைய பேர் சொல்லியிருக்கிறார்கள். "காத்தோட போற சத்தத்துக்கு எதுக்குப்பா இவ்ளோ செலவு?" என்பார்கள். சில வருடங்களாக சாஃப்ட் டாப் மாருதி ஜிப்ஸியில் ராயபுரம், எண்ணூர், மணலி என்று ஓட்டிக்கொண்டே பாட்டுக் கேட்டு வருகிறேன். வீண் இல்லை. மனசு நிறைகிற மாதிரி கேட்க முடிகிறது. ஆனால் மூடிய காருக்குச் சொல்லப்படும் கணக்கு இங்கே செல்லாது. ஆம்ப்ளிஃபயரில் எத்தனை வாட்ஸ் என்பதை விட, ஸ்பீக்கர் காதுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1.3 லிட்டர் பெட்ரோல், நாலு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங், மேலே கேன்வாஸ். ஸ்டீரியோ எதுவும் இல்லாமல்தான் வாங்கினேன். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசித்து வைக்க முடிந்தது.

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். அவற்றின் பக்கத்தில் ஊர்ந்து போகும்போது காதில் விழுவது டீசல் இன்ஜினின் அடித்தொண்டை உறுமல். சாலை காலியாகி வேகம் பிடித்ததும் டயர் இரைச்சல் வரும். அதுவும் பெரும்பாலும் கீழ் அலைவரிசைதான். அறுபதைத் தாண்டினால் காற்று. அது ஒரே இடத்தில் இருக்காது, மேலும் கீழும் எல்லா அலைவரிசையிலும் பரவும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: கீழ் அலைவரிசைச் சத்தம் தன்னோடு நிற்காமல், தனக்கு மேலே இருப்பதையும் சேர்த்து மறைக்கும். நம் காது அப்படித்தான் வேலை செய்கிறது. அதனால் டயர் இரைச்சல் கொஞ்சம் குறைந்தாலே பாடகர் குரல் தெளிவாகிவிடும். கரடுமுரடான ஆல் டெரெய்ன் டயரைக் கழற்றிவிட்டு சாதாரண ரோடு டயர் போட்டபோது இதை நன்றாக உணர்ந்தேன். ஆடியோவுக்குச் செய்த செலவுகளில் அதிகப் பலன் தந்தது, கடையில் ஆடியோ என்ற பெயரில் விற்காத அந்த டயர்தான்.

காற்றுக்கும் ஒரு வழி இருக்கிறது. பின்பக்கத் துணியை மட்டும் சுருட்டிவிட்டு மற்றதை மூடி வைத்தால், காதை அமுக்கி அமுக்கி விடுகிற மாதிரி ஒரு அதிர்வு வரும். அதில் எந்தப் பாட்டும் நிற்காது. திறந்தால் எல்லாப் பக்கமும் திறக்க வேண்டும், மூடினால் பட்டையை இழுத்துக் கட்டி, துணி படபடக்காமல் மூட வேண்டும்.

ஸ்பீக்கர் விஷயத்துக்கு வருகிறேன். வயரிங் செய்து கொடுத்தவர் வண்ணாரப்பேட்டைக்காரர், பழைய ஆள். நூறு வாட்ஸ் போதுமா, இருநூறாகப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். சீட்டில் என்னை உட்காரச் சொல்லி, தோளுக்குப் பின்னால் இருந்த ரோல் பாரை, அதாவது வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கிற இரும்புக் கம்பியை, தட்டிக் காட்டினார்.

"வாட்ஸ் ஏத்தி ஒண்ணும் ஆவாதுப்பா. ஸ்பீக்கர காதாண்ட கொண்டாந்துடு, அது போதும்."

"அப்ப டோர்ல வேணாமா பாய்?"

"டோர்ல வெச்சா உன் முட்டிதான் பாட்டு கேக்கும்."

அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. பவரை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். கேட்கிற காதுக்கு அது சின்ன வித்தியாசம். சத்தம் இரண்டு மடங்கு ஆனது மாதிரி தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு பவர் வேண்டும். தூரத்தைப் பாதியாக்கினால் போதும், ஒரு ரூபாய் கரண்ட் செலவில்லாமல் 6 டெசிபல் கிடைக்கும். திறந்த வண்டியில் சத்தம் பட்டுத் திரும்பிவரக் கூரையும் கண்ணாடியும் இல்லாததால் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே பலிக்கிறது. ரோல் பாரில் இரண்டு ஆறரை இன்ச் ஸ்பீக்கர்களைக் கூடு போட்டு மாட்டினோம். காதிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரம். டாஷ்போர்டின் இரண்டு மூலையிலும் ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர்.

பின்னால் ஸ்பீக்கர் இருந்தால் பாட்டு முதுகுக்குப் பின்னாலிருந்து வராதா என்று கேட்பார்கள். வரும். அதற்குத்தான் ஹெட் யூனிட்டில் (டாஷ்போர்டில் இருக்கிற ஸ்டீரியோ) டைம் அலைன்மென்ட் இருக்கிறது, ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் தனித்தனியாகத் தாமதப்படுத்துகிற வசதி. ஒரே சத்தம் இரண்டு இடத்திலிருந்து வந்தால், எது முதலில் காதுக்கு வருகிறதோ அந்தத் திசையிலிருந்து வருவதாகத்தான் மூளை எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவது கொஞ்சம் பலமாக இருந்தாலும்கூட. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949ல் இதை விளக்கி எழுதினார். ஒரு மில்லி செகண்டில் சத்தம் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். பின் ஸ்பீக்கர் முன் ஸ்பீக்கரை விட எவ்வளவு கிட்டே இருக்கிறதோ, அந்த வித்தியாசத்தை ஈடுகட்டி, அதற்கு மேல் இன்னும் சில மில்லி செகண்ட் பின் ஜோடியைத் தாமதப்படுத்தினேன். குரல் நேராகக் கண்ணாடிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பலம் பின்னாலிருந்து வருகிறது, பாடுகிறவர் முன்னால் நிற்கிறார். இந்த ஒரு செட்டிங்குக்காகவே ஒரு சாயங்காலம் முழுக்க உட்காரலாம்.

பேஸ் தனிக் கதை. மூடிய காரில் உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் அடிபேஸ் தானாகவே தூக்கிக் கொடுக்கும். கூரையைத் திறந்ததும் அந்தச் சலுகை போய்விடும். அதைப் பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டி வைத்துச் சரிசெய்யப் பார்த்தால் தெருவுக்குத்தான் பேஸ் கேட்கும், ஓட்டுகிறவருக்குக் கேட்காது. சீட்டுக்கு அடியில் எட்டு இன்ச் ஆக்டிவ் சப் ஊஃபரை (ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கிற பேஸ் ஸ்பீக்கர்) தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். பாதி பேஸ் காதுக்கு வருகிறது, மீதி சீட் வழியாக முதுகுத்தண்டுக்கு வருகிறது. மற்ற ஸ்பீக்கர்களுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டேன். தேவையில்லாத அடி அலைவரிசையோடு மல்லுக்கட்டாமல் அவை சுத்தமாகப் பாடுகின்றன.

எதைக் கேட்பது என்பதிலும் இந்த வண்டி எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. வீணை திறந்த ஜிப்ஸியில் எடுபடாது. மெல்லிய ஆலாபனை டிரெய்லருக்குப் பக்கத்தில் காணாமல் போகும், அது மேலே ஏறும்போது வால்யூமைக் குறைக்க வேண்டியிருக்கும். நாதஸ்வரமும் தவிலும் அப்படியில்லை. கோபுர வாசலிலும் சாமி புறப்பாட்டிலும் கூட்டத்துக்கு நடுவே ஒலிக்கவே பிறந்த வாத்தியங்கள் அவை. நாதஸ்வரத்தின் பலம் இருக்கிற மேல் அலைவரிசையில்தான் நம் காதும் கூர்மையாக இருக்கிறது, டயர் இரைச்சலும் குறைவாக இருக்கிறது. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் நெரிசலில் நிற்கும்போதுகூட கமகம் ஒன்றும் விடாமல் கேட்கும். கானாவும் அப்படியே. எங்கள் பக்கத்துச் சந்திலும் திறந்த வெளியிலும் வளர்ந்த பாட்டு அது. டோலக்கின் அறை, முன்னால் நிற்கிற குரல், நடுவே அதிகம் நிரப்பாத இடம். எந்தச் சாலையிலும் தாங்கும்.

ஓடும்போது புளூடூத்துக்கும் பென் டிரைவில் இருக்கிற, தரம் குறைக்காமல் சேமித்த ஃபிளாக் (FLAC) கோப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை, அதற்காகச் செலவு செய்யவும் வேண்டாம். ஆனால் விடியற்காலையில் கடல் பக்கம் பாறாங்கல் கொட்டிய கரையோரம் ஒதுக்கி இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டால் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். வீணைக்கும் அதுதான் நேரம்.

இனி உப்பு. காசிமேட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வலது ஸ்பீக்கர் கரகரத்தது. மேலே இருக்கிற வலை மூடியைக் கழற்றினால் கூம்பின் ஓரம் முழுக்க வெள்ளையாக உப்புப் பொடி, பின்னால் டெர்மினல் இரண்டும் களிம்பேறிப் பச்சை. வயரின் மேல்தோலைச் சீவினால் உள்ளே செம்பு விரல் நீளத்துக்குக் கறுத்திருந்தது. அந்த ஸ்பீக்கர் காகிதக் கூம்பு வைத்தது. இப்போது இருப்பது படகுகளுக்கென்று செய்கிற மெரைன் வகை: பிளாஸ்டிக் கூம்பு, ரப்பர் விளிம்பு, துருப்பிடிக்காத திருகு. வெயிலையும் தாங்குகிறது. வெள்ளீயம் பூசிய செம்பு வயர், ஒவ்வொரு இணைப்பிலும் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் டியூப். கடலிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள் இந்த மூன்றையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயரை டாஷ்போர்டுக்கு அடியில் மேலாக ஒட்டி மாட்டச் சொல்லுங்கள், கால்வைக்கிற தளத்தில் வைத்தால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். திறந்த வண்டியில் சாலைச் சத்தமே கணிசமாக இருக்கும்போது அதை அமுக்கப் பாட்டை ஏற்றிக்கொண்டே போனால் காதுதான் போகும். பின்னால் வருகிற டிரெய்லரின் ஹாரன் தெளிவாகக் கேட்கிற அளவுதான் என் உச்சவரம்பு. மீஞ்சூர் பக்கம் வேகமாகப் போகிற நாட்களில் எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பாட்டை நிறுத்திவிடுகிறேன். வடசென்னைக்குள் நாற்பது, ஐம்பதில்தான் முக்கால்வாசி நேரம் ஓட்டுகிறோம், அந்த வேகத்துக்கு இந்த செட்டப் தாராளமாகப் போதும். அடுத்து, பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்கும் குரல் முன்னாலிருந்து வருகிற மாதிரி ஒரு தனி டிலே செட்டிங் சேமித்து வைக்க வேண்டும். இப்போதைக்கு அது என் சீட்டுக்கு மட்டும்தான் சரியாக இருக்கிறது.