கார் டிராக்கர் மாட்டியவர்கள் இன்றே ஒருமுறை ஆப்பைத் திறந்து பாருங்கள்

இரண்டு வருஷம் முன்னால் கோவையில் ஒரு ஆக்சசரீஸ் கடையில் என் ஸ்விஃப்டுக்கு ஜிபிஎஸ் மாட்டினேன். 6,500 ரூபாய். மூன்று வருஷத்துக்கு சிம், சர்வர் எல்லாம் சேர்த்து என்றார்கள். இன்சூரன்ஸில் பாதி குறையும் என்றும் சொன்னார்கள். அது சுத்தப் பொய். வண்டி, உதிரிபாகங்களைச் சோதித்துச் சான்று தரும் ஏஆர்ஏஐ அமைப்பின் சான்று உள்ள கருவிக்குத்தான் தள்ளுபடி, அதுவும் பொதுவாக அதிகபட்சம் 500 ரூபாய்.

போன மாதம் விடிகாலையில் எழுந்து பார்த்தால் வாசலில் வண்டி இல்லை. கை நடுங்க ஆப்பைத் திறந்தேன். 'ஆஃப்லைன்'. கடைசியாகக் காட்டிய இடம் எங்கள் தெருதான், ஆனால் தேதி பத்து மாதம் பழசு. ஸ்டேஷனில் எஸ்.ஐ. முதலில் கேட்டதே, "லைவ் லொகேஷன் இருக்கா சார்?" எனக்கு வாயே வரவில்லை.

கடையில் கேட்டால் "கம்பெனில கேளுங்க" என்றார்கள். கம்பெனியில், "உங்க டீலர் ஒரு வருஷத்துக்குத்தான் கட்டியிருக்கார் சார்."

ஜிபிஎஸ் வண்டி இருக்கும் இடத்தைக் கணக்குப் போடும், அவ்வளவுதான். அதை நம் போனுக்கு அனுப்புவது உள்ளே இருக்கும் சிம். 13 இலக்க நம்பர், கம்பெனி பெயரில் இருந்தது. நானாக ரீசார்ஜ் செய்யவும் வழியில்லை.

ஒன்பதாம் நாள் பல்லடம் தாண்டி ரோட்டோரம் வண்டி கிடைத்தது. ஸ்டெப்னியும் மியூசிக் சிஸ்டமும் போயிருந்தன. எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டைக் கழற்றினார். டிராக்கர் அப்படியே இருந்தது, சுற்றிய கறுப்பு டேப்கூடப் பிரியவில்லை. சாவியைத் திருப்பியதும் ஜிபிஎஸ் விளக்கு சிமிட்டியது. பக்கத்தில் இருந்த நெட்வொர்க் விளக்கு எரியவே இல்லை. திருடன் அதைத் தொடவில்லை. சிம் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் அன்று காலையிலேயே வண்டியைப் பிடித்திருக்கலாம். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

புதிதாக மாட்டுபவர்கள் சிம் நம்பரையும் ரீசார்ஜ் முடியும் தேதியையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதோடு விடாமல் கம்பெனிக்கே போன் போட்டு உறுதி செய்யுங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லி, போனுக்கு அலர்ட் வருகிறதா என்று பாருங்கள். ஆப்பிளின் குட்டி டிராக்கரான ஏர்டேக் போதுமே என்பவர்களுக்கு: கூடவே ஒன்று வருகிறது என்று அது திருடனின் போனுக்கே தகவல் கொடுத்துவிடும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் கேட்டார்கள், பத்திரமாக வைத்திருந்தேன். அதில் 'ஜிபிஎஸ் - 1' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.