பழைய மஸ்டாங்குக்கு டிஸ்க் பிரேக்: வாங்கலாம், புஷ்ராடை அளந்துவிட்டு

என் 1966 ஃபோர்டு மஸ்டாங் காரின் அடையாள எண் 6டி07சி (6T07C) என்று தொடங்குகிறது. ‘டி’ என்றால் நியூ ஜெர்சியின் மெட்டச்சன் ஆலை; ‘சி’ என்றால் 289 கன அங்குல வி8, 200 குதிரைத்திறன். இதை மசில் கார் (பெரிய எஞ்சின் பூட்டிய வேகக் கார்) என்று சொன்னால் முகம் சுளித்து, போனி கார் (அளவில் சிறிய, துடிப்பான கார்) என்று திருத்துகிறவர்கள் உண்டு. திருத்திக்கொள்ளட்டும். அந்த 200 குதிரைகளையும் இழுத்துப் பிடிக்க நான்கு டிரம் பிரேக்குகளை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் என் வழக்கு.

நீண்ட இறக்கத்தில் நாலைந்து முறை அழுத்தினால் போதும். சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடேறி விரியும், அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூ துரத்திக்கொண்டு போகும், பெடல் தரையை நோக்கி இறங்கும். தேங்கிய மழைநீரைக் கடந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இவற்றைவிட என்னைப் பயமுறுத்தியது, பெடலை அழுத்தும்போது பிரேக் ஆயிலைக் குழாய்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். அதில் ஒரே அறைதான். எங்காவது ஒரு குழாய் விட்டுப்போனால் நான்கு சக்கரமும் சேர்ந்து கைவிடும். 1967 மாடலில்தான் ஃபோர்டு முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி அறை வைத்தது.

எனவே முன்சக்கர டிஸ்க் பிரேக் கிட் ஒன்றை 900 டாலருக்குச் சற்றுக் குறைவாக வாங்கினேன். சக்கரத்தோடு சுழலும் தட்டுகளான ரோட்டர்கள், அவற்றை இருபுறமும் பேடுகளால் கவ்வும் நான்கு பிஸ்டன் காலிப்பர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், பின்சக்கர அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு எல்லாம் பெட்டியில் இருந்தன. பாகங்களின் தரத்தில் குறை சொல்ல மாட்டேன். ரோட்டரைப் பொருத்தி, தள்ளாட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தேன், முள் 0.002 அங்குலத்தைத் தாண்டவில்லை. சக்கரம் சுழலும் பழைய ஸ்பின்டில் அச்சில் காலிப்பர் தாங்கி அரம் போடாமலேயே உட்கார்ந்தது. பழைய டிரம்மைக் கழற்றும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். அந்தக் கறுப்புத் தூளில் கல்நார் இருக்கக்கூடும்; காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் நாளில் என் மகள் பெடலில் உட்கார்ந்தாள். “அழுத்து”, “பிடி”, “விடு” என்று ஒரு மணி நேரம் நான் காரின் அடியிலிருந்து கத்தினேன். கடைசியில், “அப்பா, கல் மாதிரி இருக்கிறது” என்றாள். அந்தப் பெருமை அரை மைல் தூரம்தான் நீடித்தது.

அதற்குமேல் வண்டி முட்டுக்கட்டை போட்ட தேர்போல நகர மறுத்தது. இறங்கி முன்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனேன், தோசைக்கல்லின் அனல். சாலையோரம் அரை மணி நேரம் நின்றேன். சூடு ஆறியதும் பிரேக் தானாகவே விட்டுக்கொடுத்தது, ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிவைத்து, பிரேக் மறுபடி பிடித்துக்கொள்ளும்வரை பெடலை அழுத்தி அழுத்தி விட்டேன். பிறகு மாஸ்டர் சிலிண்டரைத் தாங்கும் நட்டுகளை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். கையால் அசையாத சக்கரம் உடனே இலகுவாகச் சுழன்றது. குற்றவாளி, பெடலின் அழுத்தத்தை மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்குக் கொண்டுபோகும் புஷ்ராட் என்ற கம்பி. அது ஒரு நூல் நீளமாக இருந்ததால் பெடலை விட்ட பிறகும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கவில்லை. பிரேக் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடந்தது. சூட்டில் பெருகிய ஆயில் போக வழியின்றி பேடுகளை ரோட்டரோடு நெருக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ராடைச் சுருக்கி, அது பிஸ்டனைத் தொடுமுன் 1/16 அங்குல இடைவெளி வைத்தேன். நோய் தீர்ந்தது.

நான்கு பக்கச் செய்முறைத் தாளில் இதைப் பற்றி இருந்தது ஒரே வரி: “புஷ்ராடைப் பொருத்தவும்.” கிட் அனுப்பியவர்களுக்கு எடுத்துச் சொன்னேன், ராட் நீளம் வண்டிக்கு வண்டி மாறும் என்று பதில் வந்தது. மாறும் என்று தெரிந்தால் அதைத் தாளில் எழுதியிருக்கலாம்.

பின்சக்கர வால்வைக் காலியான வாகன நிறுத்துமிடம் ஒன்றில், ஈரத் தரையில், கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்தேன். பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்பே பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரமாகிவிடும். இதில் பொறுமை வேண்டும். இப்போது அதே இறக்கத்தில் பெடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஸ்டியரிங்கும் நேராக நிற்கிறது.

இன்னொரு செலவையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் ‘14 அங்குலச் சக்கரத்துக்குப் பொருந்தும்’ என்று போட்டிருந்தார்கள். என் அசல் 14 அங்குல இரும்புச் சக்கரங்கள் டிரம்முக்காகச் செய்யப்பட்டவை, காலிப்பரில் உரசின. டிஸ்க் பிரேக்குக்கு ஏற்ற சக்கரங்களைத் தேடி வாங்க மேலும் 400 டாலர் ஆனது. அசல் சக்கரங்கள் கராஜ் சுவரில் தொங்குகின்றன. விளம்பரத்தில் அந்த வரியும் அப்படியே இருக்கிறது.